ஆந்தை சொன்ன ஆசிட் பாடம்

போன வாரம் ஒரு பல் துலக்கும் பிரஷ் அறிமுகமாகியிருக்கிறது. அதற்குள் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதாம். தேய்க்கும்போது கடைவாய்ப் பல்லை விட்டுவிட்டால் உடனே கைப்பேசிக்குத் தகவல் அனுப்புமாம். என் கடைவாய்ப் பற்கள் என்னைவிட முன்னதாகவே ஓய்வு பெற்றவை. அவற்றைக் காணவில்லை என்று அந்த பிரஷ் காலையும் மாலையும் எனக்குப் புகார் அனுப்பிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கார்த்திகாவிடமிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்த வாரப் பத்திரிகையில் தொழில்நுட்பப் பக்கத்தை இப்போது கவனிப்பவள் அவள்தான்.

"அக்கா, பிரஷ் நியூஸ் பார்த்தீங்களா? இப்பல்லாம் பிரஸ் ரிலீஸை ஒரு சாஃப்ட்வேர்ல போட்டா அதுவே செய்தியா எழுதிக் குடுத்துடுது. நாங்க தலைப்பு மட்டும் வெச்சா போதும்."

"என்ன தலைப்பு வெச்சே?"

"'பல் துலக்குவதில் ஒரு புரட்சி'."

"அதையும் அதுவேதானே வெச்சுது?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "அந்த டேப்லெட் கதையை நீங்களே எழுதிக் குடுத்துடுங்கக்கா. இங்க ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கிட்டிருக்காங்க. ஒருத்தர் லேப் வெடிச்சிடுச்சுன்னே சொல்றார்."

லேப் வெடிக்கவில்லை. ஏன் வெடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

நான் அந்தப் பத்திரிகையில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தவள். அலுவலகத்துக்கு முதல் கணிப்பொறி வந்தபோது அதற்குக் கண்ணாடி அறையும் குளிர்சாதன வசதியும் கிடைத்தன. எங்களுக்கு அதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிடும் பாக்கியம் கிடைத்தது. எல்லோரும் அதன் முன் கோயில் சந்நிதியில் நிற்பதுபோல் நின்றார்கள். நான் மட்டும் அதைத் திட்டிக்கொண்டே தட்டச்சு செய்வேன். ஒருநாள் ஆசிரியர் தணிகாசலம் சார் பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "மெர்சிம்மா, அடுத்த மாசத்துலேர்ந்து கம்ப்யூட்டர் பக்கம் நீ எழுது. மெஷினைக் கும்பிடறவங்க அதைப் பத்தி எழுதக் கூடாது. திட்டறவங்கதான் எழுதணும்" என்றார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

தணிகாசலம் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் நாங்கள் எழுதியதைப் படிக்க மாட்டார். நாற்காலியைக் காட்டி, "படிம்மா" என்பார். நாம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்பார். ஏதாவது ஒரு வாக்கியத்தில் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல மேலே எழும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

"இது கம்பெனிக்காரன் குரல். உன் குரல் எங்கே?"

அவ்வளவுதான் கேட்பார். திட்ட மாட்டார், திருத்தியும் தர மாட்டார். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மேலே படித்தால் விரல் தானாக இறங்கிவிடும்.

அவருக்குச் சில கட்டாயங்கள் இருந்தன. எந்தப் பொருளாக இருந்தாலும் நம் வீட்டில், நம் சமையலறையில், நம் மின்வெட்டில் ஒரு வாரமாவது வைத்துப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பத்திரிகைக்காரி என்று சொல்லாமல் போன் செய்ய வேண்டும். தமிழில் பேசிப் பார்க்க வேண்டும். கடைசியாக, குறை எழுதுவதாக இருந்தால் அச்சுக்குப் போகும் முன் அதைக் கம்பெனிக்காரரிடமே படித்துக் காட்டி, அவர் சொல்வதையும் கேட்டு எழுத வேண்டும். "கேலி பண்ணு, தாராளமா பண்ணு. ஆனா கேட்டுட்டுப் பண்ணு" என்பார்.

இப்படித்தான் என் 'சுவிட்ச் போடுமுன்' பத்தி பிறந்தது. என்னவெல்லாம் எழுதினேன்! கைப்பேசியால் இயங்கும் மின்விசிறி ஒன்று வந்தது. சிட்லபாக்கத்தில் மே மாத மதியம், நான் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்க, 'புதிய விதிமுறைகளை ஏற்றுக்கொண்டால்தான் சுழல்வேன்' என்று அது உத்தரத்தில் சத்தியாக்கிரகம் செய்தது. விதிமுறைகள் பதினெட்டுப் பக்கமோ என்னவோ. அதைப் பிரிண்ட் எடுத்து விசிறிக்கொண்டேன், நல்ல காற்று வந்தது என்று எழுதினேன். திருட்டு மென்பொருளை ஒழிப்போம் என்று ஒரு பெரிய அரங்கில் கருத்தரங்கு நடந்தது. பேச வந்தவர் மடிக்கணினியைத் திரையோடு இணைத்ததும், 'உங்கள் மென்பொருள் அசல் அல்ல' என்ற எச்சரிக்கை சுவர் அளவுக்குத் தெரிந்தது. அவர் அதைத் தன் உரையின் முதல் ஸ்லைடு என்று சமாளித்தார். அந்தச் சமயோசிதத்துக்கு அந்த வாரப் பத்தியில் பாராட்டுத் தெரிவித்தேன்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் கடைத்தெருவில் நடைபாதையில் திருட்டு சிடி விற்ற ஒருவரையும் எழுதியிருக்கிறேன். "இன்னாக்கா யோசிக்கிற? ஒரிஜினல் வோணும்னா கடைக்குப் போ. ஓடுற சிடி வோணும்னா என்னாண்ட வா" என்றார். ஓடாவிட்டால் மாற்றியும் கொடுத்தார். அசல் விற்கும் கம்பெனிக்குப் போன் செய்தால் வயலின் இசையைக் கேட்டபடி காத்திருக்க வேண்டும். திருடரிடம் வாடிக்கையாளர் சேவை நன்றாக இருக்கிறது என்று எழுதி, பெருமையோடு சாரிடம் படித்துக் காட்டினேன். விரல் எழுந்தது.

"சிரிப்பு வருதும்மா. ஆனா அந்த சாஃப்ட்வேரை உக்காந்து எழுதினவன் ஒருத்தன் இருப்பானே, அவனை எங்கே காணோம்?"

தேடிப் போனேன். தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் செய்து, அது எல்லா டிடிபி கடைகளிலும் இலவசமாகப் புழங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் குரோம்பேட்டையில் இருந்தார். "காப்பி அடிச்சான், சரி. உள்ளே என் பேர் இருந்துது மேடம். அதை மெனக்கெட்டு அழிச்சிருக்கான் பாருங்க" என்றார். அந்தப் பத்தியை வேறு மாதிரி எழுதினேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு அதுதான் என் காதைத் தயார் செய்தது. ஒரு கைப்பேசியைப் பற்றி, 'இதை வாங்கியவர் வாழ்நாளில் வேறு போனைத் தேட மாட்டார். சார்ஜரைத் தேடவே அவருக்கு நேரம் போதாது' என்று எழுதியிருந்தேன். அடுத்த வாரம் ஒரு கடை வாசலில் ஆளுயர போஸ்டர். என் வாக்கியத்தின் முதல் பாதி, கீழே எங்கள் பத்திரிகையின் பெயர்! சார் அதைப் பார்த்து நெடுநேரம் சிரித்தார். "கேலிக்கு வால்லதான் உயிர். வாலை வெட்டினா அது புகழ்ச்சி ஆயிடும்" என்றார். அன்றிலிருந்து யார் பேச்சைக் கேட்டாலும், வால் வெட்டப்பட்ட வாக்கியம் எது என்று என் காது தானாகத் தேட ஆரம்பித்தது.

இனி டேப்லெட்.

ஊரடங்கு முடிந்து பள்ளிகள் வழக்கம்போல் நடக்கத் தொடங்கியிருந்த காலம். கல்விச் சாதனங்கள் மழைக் காளான் மாதிரி முளைத்தன. அவற்றில் ஒன்றுக்கு 'குருப்பலகை' என்று பெயர். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஹோட்டலில் அறிமுக விழா நடந்தது. செயற்கைப் புகை, முரசு, புகைக்கு நடுவே கோட் சூட்டில் அந்தக் கம்பெனியின் தமிழ்நாட்டுப் பொறுப்பாளர் விவேக். கெட்டிக்காரர், பழக இனிமையானவர். "இனிமே ஆசிரியர் இல்லாத வகுப்புலயும் பாடம் நடக்கும்" என்று அவர் சொன்னதும் முன்வரிசையில் இருந்த பள்ளித் தாளாளர்கள் கைதட்டிய வேகம் இருக்கிறதே, ஆசிரியர் சம்பளத்தை மனத்துக்குள் கழித்துப் பார்த்த வேகம் அது.

எனக்கும் ஒரு குருப்பலகை தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு எச்சரிக்கை வரும்: 'இப்பாடங்களை நகலெடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.' அதைத் தள்ளிவிட முடியாது. கூட்டல் கழித்தல் கற்க வந்த பிள்ளையைக்கூடக் கைதியைப்போல் நிற்க வைத்துப் படித்துக் காட்டிய பிறகுதான் உள்ளே விடும். உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தை ஒன்று பாடம் நடத்தியது. கேலிக்கு எவ்வளவு பொருள் கிடைக்கிறது என்ற உற்சாகத்தில் நாள் முழுக்கக் கேட்டேன். ஆனால் வேதியியலுக்கு வந்ததும் சிரிப்பு குறைந்தது. ஆந்தை நன்றாக நடத்தியது. குரல் கொஞ்சம் கட்டையாக, இயந்திரம் கலந்த மாதிரி இருந்தது. பேச்சு மட்டும் உயிரோடு இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அடர் கந்தக அமிலத்தை எப்படி நீர்க்கச் செய்வது என்ற பாடம். ஆந்தை சொன்னது:

"பீக்கர்ல ஆசிட் எடுத்துக்கோங்க. அதுல தண்ணியை அப்படியே மடமடன்னு ஊத்துங்க."

அத்தோடு பாடம் முடிந்து கேள்வி பதில் தொடங்கிவிட்டது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பள்ளியில் படித்த வேதியியலில் எனக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ஆனால் இது தலைகீழ் என்பது நினைவிருந்தது. உடனே இணையத்தில் பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண் போகும்.

மறுபடி கேட்டேன். 'மடமடன்னு' என்று எந்தப் பாடநூல் குழுவும் எழுதாது. அது ஒரு டீச்சரின் வாய். 'ஊத்துங்க' என்பதற்குப் பிறகு மூச்சை உள்ளிழுக்கும் சத்தம், சட்டென்று அறுபட்டிருந்தது. இன்னும் ஏதோ சொல்லப் போன மூச்சு. யாரோ வாலை வெட்டியிருக்கிறார்கள்!

விவேக்குக்குப் போன் செய்தேன். பாடத்தில் பிழை இருக்கிறது, ஆபத்தான பிழை, இன்றைக்கே நிறுத்துங்கள் என்றேன்.

"மேடம், எங்க கன்டென்ட் எல்லாமே எக்ஸ்பர்ட் பேனல் செக் பண்ணது. இருந்தாலும் டீமுக்கு மெயில் போடறேன். திங்கட்கிழமை பார்த்துச் சொல்வாங்க."

"திங்கட்கிழமை வரைக்கும் ஆசிட் சும்மா இருக்குமா?"

"மேடம், நீங்க எப்பவும் இப்படித்தான் காமெடியா பேசுவீங்க" என்று சிரித்தார்.

ஆந்தையின் குரலைப் பதிவு செய்து, அதன் கட்டைத்தன்மையைக் குறைத்து, ஓர் இலவச மென்பொருளில் இயல்பான பெண் குரலாக மாற்றினேன். எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவில் என்னோடு பாடும் ஒருவர் பள்ளி ஆசிரியை. அவருக்கு அனுப்பினேன். உடனே திருப்பி அழைத்தார். "இது ராஜகீழ்ப்பாக்கம் ஜெசிந்தா மிஸ் ஆச்சே! அவங்களைத் தவிர வேற யார் கெமிஸ்ட்ரியில மடமடன்னு சொல்லுவாங்க?"

சனிக்கிழமை காலையிலேயே ஜெசிந்தா வீட்டுக்குப் போய்விட்டேன். உயரமான பெண்மணி, கணீரென்ற குரல். தனியார் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. ஊரடங்கின்போது தன் பிள்ளைகளுக்காகக் கைப்பேசியில் பாடங்களைப் பதிவு செய்து தன் பெயரிலேயே ஒரு வீடியோ சேனலில் போட்டவர். குருப்பலகையை அவர் கையில் கொடுத்ததும் ஒரு பாடத்தை ஓடவிட்டார்.

"ஐயையோ! இது நானு! என்னை ஆந்தை ஆக்கிட்டானுங்களே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "அதுவும் கண்ணாடி வேற போட்டு! எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்க்கா!"

நான் ஆசிட் பாடத்தைத் திறந்து கொடுத்தேன். கேட்டார். சிரிப்பு நின்றது.

"மீதி எங்கே?"

"இவ்வளவுதான் இருக்கு."

"இல்லக்கா. மீதி இருக்கு." தன் கைப்பேசியில் அசல் வீடியோவைத் தேடி எடுத்தார். அதில் அதே ஜெசிந்தா, சமையலறைச் சுவருக்கு முன்னால் நின்று சொல்கிறார்: "பீக்கர்ல ஆசிட் எடுத்துக்கோங்க. அதுல தண்ணியை அப்படியே மடமடன்னு ஊத்துங்க. ஊத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கோங்க. நான் ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பார்க்கறேன்." பிறகு முகம் மாறி, விரலை ஆட்டி, "தண்ணியிலதான் ஆசிட். சொட்டுச் சொட்டா. கிளறிக்கிட்டே. இன்னொரு தடவை சொல்லுங்க பார்க்கலாம்" என்கிறார்.

ஆஸ்பத்திரி, ஆரஞ்சு எல்லாம் கல்விச் சாதனத்துக்குக் கௌரவமாக இல்லை என்று யாரோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவருக்கு வேதியியலும் தெரியவில்லை, கேலியும் தெரியவில்லை.

"திருடினதைக்கூட விடுங்கக்கா, ஃப்ரீயா போட்டதுதான். ஆனா என் வாயால பிள்ளைங்களை ஆசிட்ல தண்ணி ஊத்தச் சொல்ல வெச்சிட்டானுங்களே!" ஜெசிந்தாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "இது எத்தனை ஸ்கூல்ல ஓடுது?"

அங்கிருந்தே தணிகாசலம் சாருக்குப் போன் செய்தேன். "படிம்மா" என்றார் வழக்கம்போல்.

"இன்னும் எழுதலை சார். சொல்றேன்."

முழுவதும் கேட்டார். அந்தக் கம்பெனி எங்கள் அடுத்த இதழின் பின்னட்டையை முழுப் பக்க விளம்பரத்துக்கு எடுத்திருந்தது. அதையும் சொன்னேன்.

"பின்னட்டை என் கவலை. கம்பெனிக்குச் சொல்லிட்டியா?"

"நேத்தே சொல்லிட்டேன். திங்கட்கிழமைன்னார்."

"அப்ப எழுதறதை நிறுத்தி வை. திருட்டு ஒரு வாரம் காத்திருக்கும், ஆசிட் காத்திருக்காது. முதல்ல பள்ளிக்கூடங்களுக்குப் போன் போடு."

விவேக்கை மறுபடி அழைத்து, எந்தெந்தப் பள்ளிகள் என்று கேட்டேன். அது வாடிக்கையாளர் ரகசியமாம். மேலும் பேசினால் தங்கள் வக்கீல் பேசுவார் என்றார், இந்த முறை சிரிக்காமல். ஆனால் ரகசியம் காப்பதில் அவருடைய விளம்பரப் பிரிவுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. விழாவில் எங்களுக்குக் கொடுத்த பத்திரிகைக் குறிப்பில் விழாவுக்குச் சில மாதங்கள் முன்பே குருப்பலகை வாங்கிய பள்ளிகளின் பெயர்களைப் பெருமையாகப் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பட்டியலின் ஒரு முனையிலிருந்து, ஜெசிந்தா இன்னொரு முனையிலிருந்து, மாறி மாறிப் போன் செய்தோம். அவருக்குத் தெரியாத வேதியியல் ஆசிரியரே தென்சென்னையில் இல்லை போலிருந்தது. பெரும்பாலான இடங்களில், "நாங்க அந்த ஆந்தையைத் திறக்கவே இல்ல மிஸ், நாங்களே நடத்திடறோம்" என்றார்கள். பீர்க்கன்கரணைப் பக்கம் ஒரு பள்ளியில் மட்டும் யாரும் எடுக்கவில்லை. அங்கே வேதியியல் ஆசிரியை பிரசவ விடுமுறையில் இருக்கிறார், கணக்கு டீச்சர்தான் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார், சனிக்கிழமைகளில் செய்முறைப் பயிற்சி உண்டு என்று வேறொரு ஆசிரியரிடம் பேசிய அடுத்த அழைப்பில் தெரியவந்தது.

ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "ஏறுங்கக்கா!"

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் என் கை தானாக எதையாவது இறுகப் பிடித்துக்கொள்கிறது. சேலையூரைத் தாண்டி, தாம்பரம் மேம்பாலத்தில் ஏறி, ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கினால் வெளியூர்ப் பேருந்துகள் மதில் மாதிரி நிற்கின்றன. ஜெசிந்தா இரண்டு பஸ்களுக்கு நடுவே நுழைந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொன்னேன். "சத்தமா சொல்லுங்கக்கா, எனக்கும் சேர்த்து!" என்று முன்னாலிருந்து கத்தினார். பெருங்களத்தூரில் சிக்னல் பச்சைக்கு மாறும் வரை நாங்கள் மாறி மாறி அந்தப் பள்ளிக்குப் போன் செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் பாட்டுக்கு வண்டிய வுட்டுகினு வர்றீங்க? பர்மிசன் கீதா?"

"அண்ணா, லேப்ல பசங்க ஆசிட்ல தண்ணி ஊத்தப் போறாங்க. முகத்துல தெறிச்சிடும். நீங்களும் எங்ககூட வாங்க!" என்றார் ஜெசிந்தா.

"ஆசிட்டா? இத்த மொதல்ல சொல்ல வேணாமா? மாடில கடசி ரூமு!" என்று சொல்லிவிட்டு, எங்களை முந்திக்கொண்டு அவரே படியேறி ஓடினார்.

மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தோம். அறை நிறைய மாணவிகள். சுவரில் பெரிய திரை, திரையில் ஆந்தை. முன்மேசையில் பீக்கர், அதில் எண்ணெய் மாதிரி கெட்டியாக அமிலம். கணக்கு டீச்சர், பாவம், அந்தச் சின்னப் பெண் ஒரு கையில் தண்ணீர் ஜாடியோடு, திரையைப் பார்த்தபடி ஆந்தையின் அடுத்த கட்டளைக்காகக் காத்திருந்தாள். மாணவிகள் நன்றாகத் தெரிய வேண்டுமென்று மேசையை ஒட்டி முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், ஜாடியைக் கீழே வைங்க! எல்லாரும் பின்னாடி போங்க!" என்று வாசலிலிருந்தே ஜெசிந்தா குரல் கொடுத்தார்.

முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பிளந்து ஜெசிந்தாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"ஏய்! ஆந்தை மிஸ்டீ!"

"ஆந்தை மிஸ்! ஆந்தை மிஸ்!" அறையே கூச்சலாகிவிட்டது. மாதக்கணக்கில் அந்தக் குரலிலேயே பாடம் கேட்ட பிள்ளைகள். கம்பெனி எவ்வளவு கட்டையாக்கினால் என்ன? அவர்களுக்கு அந்தப் பேச்சு தெரியாதா! கூச்சல் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியர் எங்களைப் பார்த்துக் கோபப்படத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் பிள்ளைகளே, "சார், டேப்லெட்ல வர்ற மிஸ் நேர்ல வந்துட்டாங்க சார்!" என்று அறிமுகம் செய்துவைத்துவிட்டார்கள். திருட்டுக்கு இதைவிட நல்ல சாட்சியை எந்த நீதிமன்றமும் கேட்டிருக்க முடியாது. நான் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தேன். சந்தோஷத்தில் எழுத்து ஓடவில்லை.

கணக்கு டீச்சர் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "நான் அப்பவே சொன்னேன் சார், எனக்கு இது வராதுன்னு. டேப்லெட் சொல்ற மாதிரி செஞ்சா போதும்னாங்க" என்று தலைமையாசிரியரிடம் மெல்லச் சொன்னாள். ஜெசிந்தா அவள் தோளைத் தொட்டு, "உன் தப்பு இல்லம்மா. என் குரல்ல கேட்டா நானே நம்பியிருப்பேன்" என்றார். பிறகு பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கையுறை போட்டு, அந்த வகுப்பை அவரே நடத்தினார். தண்ணீரில் அமிலம், கண்ணாடிக் குச்சியின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக. எல்லாம் முடிந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பீக்கரின் வெளிப்பக்கத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார்.

"அனல் அடிக்குது மிஸ்!"

"சரியா செஞ்சே இவ்வளவு சூடு. தலைகீழா செஞ்சிருந்தா?"

நானும் வரிசையில் நின்று கையைக் காட்டினேன். சூடாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் எழுதி முடித்து, சாரிடம் படித்தேன். அசல் வீடியோவையும் ஆந்தையையும் வரிக்கு வரி வைத்து எழுதியிருந்தேன். விவேக்கிடமும் போனில் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டவர், "நான் அந்த வீடியோவைப் பார்த்ததே இல்லை மேடம். வெளியில ஒருத்தர்கிட்ட வேலையைக் கொடுத்திருந்தாங்க" என்றார். குரலில் பழைய பளபளப்பு இல்லை. அதையும் சேர்த்துக்கொண்டேன். சார் கண்ணை மூடிக் கேட்டார். விரல் எழவே இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய விருது என் வேலைக்காலத்தில் கிடைக்கவில்லை.

அன்று மாலைக்குள் கம்பெனி விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. அச்சுக்குப் போகும் நேரத்தில் பின்னட்டை காலி. எங்கள் விளம்பர மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். சார் மட்டும் உற்சாகமாக என்னைப் பார்த்தார். "அந்த மிஸ்ஸுக்குப் போன் போடு. தண்ணியில ஆசிட் ஊத்தற பாடத்தை ஒரு பக்கத்துக்குச் சொல்லித் தரச் சொல்லு. அவங்க படம், பேர், எல்லாத்தோடும். அந்த ஆஸ்பத்திரி வரியை விட்டுடாதே!"

முதன்முறையாக எங்கள் பின்னட்டையில் விற்பனைக்கு எதுவும் இல்லாமல் ஒரு வேதியியல் பாடம் வந்தது. கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தது. ஜெசிந்தாவின் அசல் வீடியோவைப் பதிலாக அனுப்பினோம். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. குருப்பலகையில் அந்தப் பாடம் சத்தமில்லாமல் மறைந்தது. சில வாரங்களில் மற்ற பாடங்களும் மறைந்தன. பிறகு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஜெசிந்தாவிடம் வந்து, முறைப்படி அனுமதி கேட்டார்கள். ஒரு வரியும் வெட்டக் கூடாது, தன் முகமும் பெயரும் இருக்க வேண்டும் என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார். இப்போது அதில் அவரே வந்து நிற்கிறார், சமையலறைச் சுவரோடு.

செய்முறைத் தேர்வுகள் முடிந்த சமயம், பீர்க்கன்கரணைப் பள்ளியில் ஜெசிந்தாவைப் பேச அழைத்திருந்தார்கள். நானும் போனேன். வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்து, "லேப்புக்கா? கடசி ரூமு!" என்றார், எங்களுக்கு வழி தெரியாத மாதிரி. அந்த அறையில், அமில அலமாரிக்கு மேலே, எங்கள் பின்னட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கண்ணாடிமேல் யாரோ மார்க்கரால் ஜெசிந்தாவின் படத்துக்கு இரண்டு கூரான காதுகளும் ஒரு வளைந்த அலகும் வரைந்திருந்தார்கள். தலைமையாசிரியர் பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்தார். பின்னால் நின்ற மாணவிகள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

"இருங்க சார், துடைக்காதீங்க" என்றார் ஜெசிந்தா. பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி, "மார்க்கர் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

எங்கிருந்தோ தயங்கித் தயங்கி ஒரு கை நீண்டது. ஜெசிந்தா மார்க்கரை வாங்கி, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, படத்திலிருந்த தன் கண்களைச் சுற்றி இரண்டு பெரிய வட்டங்கள் போட்டு, நடுவே ஒரு கோட்டை இழுத்தார்.

"கண்ணாடியை விட்டுட்டீங்களேடி" என்றார். அறை அதிரும்படி பிள்ளைகள் சிரித்தார்கள்.